நாலாவது டிரிப்

ஒன்பதாவது கேள்வியைக் கேட்டதும் அவர் போனில் சிரித்தார். "பேச்சில் ஏதாவது சிரமம் உண்டா?" என்பதுதான் கேள்வி. படிவத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. "முப்பத்தொரு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன்கிட்ட கேக்கிற கேள்வியா மேடம் இது. கொஞ்சம் கரகரங்கும். அது நோய் இல்ல, டீசல் புகை" என்றார். கரகரப்புதான், ஆனால் ஒரு சொல்கூடச் சிதறவில்லை. குரல்வளையில் புற்று என்று அவருடைய தாளில் எழுதியிருந்தது. மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம், அதற்கு நான்கு மாதம் இருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். மனநல ஆலோசனைக்கு எங்கள் வரிசையோ மூன்று மாதம். ஒரு மாதம் மிச்சம் இருக்கிறதே என்று மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பத்தாவது கேள்விக்குப் போனேன். தூக்கம் எப்படி?

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், எக்ஸ்ரே அறைக்கு மேலே, ஜன்னல் பாதிதான் திறக்கிற ஒரு அறை. மனநல ஆலோசனைக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் அங்கே ஒரு பட்டியலாக இருக்கிறார்கள். ஆலோசகர் ஒரே ஒருவர். முப்பத்தைந்துகூட ஆகாத பெண், எல்லோரும் டாக்டரம்மா என்கிறோம். முறை வரும்வரை நோயாளி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதென்று என்னைப் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு போன், பத்து நிமிஷம். தபாலில் ஒரு கோடு போட்ட நோட்டு போகும். அன்றன்று மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். பயம் வந்தால் எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இரண்டு வரி. நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். அப்புறம், டாக்டரம்மாவிடம் என்ன பேசப் போகிறார்களோ அதற்கு ஒரு தலைப்பு எழுதி வைக்க வேண்டும். தலைப்போடு என் எல்லை முடிந்தது. ஆள் அதற்குமேல் உள்ளே போனால், "அதை டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க" என்று நிறுத்திவிட வேண்டும். அரைகுறையாகத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் முழிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். நியாயம்தான். எனக்குத் திறக்கத் தெரியாது, மூட மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது அந்த வாக்கியத்தைச் சொல்லி மூடுகிறேன்.

வீட்டில் அதுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் நானும்தான். அண்ணி போனபிறகு அவரும், என்றைக்குமே ஜோடி அமையாத நானும், ஒரு மாடி வீட்டில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். அண்ணனுக்குக் காது மந்தம். காதில் மாட்டுகிற மிஷின் இருக்கிறது. நான் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். "நாள் பூரா மாட்டி காது வலிக்குது" என்பார். நாள் பூரா யாருக்காக மாட்டியிருந்தார் என்று நான் கேட்டதில்லை, கேட்டாலும் அவருக்குக் கேட்காது. சாப்பிடும்போது கையைக் காட்டுவார், இன்னும் கொஞ்சம், போதும், உப்பு. ஊரார் கஷ்டத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு வீட்டில் வாய்த்தது இது. சிரிப்பாகத்தான் இருக்கும், முதல் இரண்டு வருஷத்துக்கு.

இரண்டாவது வியாழக்கிழமை கண்டக்டர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"தலைப்பு எழுதிட்டேன் மேடம். 'நாலாவது டிரிப்.'"

"நல்லது சார்."

"என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாது சார்."

"எங்க வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆச்சு. அன்னிக்கு எனக்குப் பகல் ட்யூட்டி. மூணு டிரிப் முடிச்சிட்டு ஷெட்டுக்கு வந்தேன். வந்தா..."

"கண்டக்டர் சார். அதை டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். "சரி மேடம், ரூல் ரூல்தான். நானும் படியில நிக்காதேன்னு கத்தினவன்தானே" என்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "மச்சினன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவளோட தம்பி. ஆறு வருஷமா அவனுக்குத் தெரியாது. இப்ப என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அவன்தான், சாப்பாடு கொண்டு வர்றதும் அவன்தான். எப்படிச் சொல்றதுன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு, என் வாயாலயே சொல்லிடணும். வாய் இருக்கும்போதே. அவ்வளவுதான் மேடம் எனக்கு."

வைப்பதற்கு முன் ரிசீவரில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். என்னவென்று கேட்டேன். "ஒரு தட்டு தட்டினா வண்டியை நிறுத்தணும். ரெண்டு தட்டினா போகலாம். டிரைவர் திரும்பிப் பாக்க மாட்டார், தட்டைத்தான் கேப்பார்" என்றார். அதற்குப்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த இரண்டு தட்டோடுதான் போனை வைத்தோம்.

நல்ல மாணவர். மற்றவர்கள் நோட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள். இவர் பயணச்சீட்டுக் கட்டுபோல ஒழுங்காக வைத்திருந்தார். "திங்கள் ஆறு, செவ்வாய் ஏழு, புதன் அஞ்சு" என்று கடகடவென்று ஒப்பிப்பார். புதன்கிழமை ஏன் குறைந்தது என்றால், மச்சினன் வந்து ஜன்னல் கொக்கியை மாட்டிக்கொடுத்தானாம். வியாழன் எத்தனை என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் முடியலையே மேடம், உங்க போன் வந்திருக்கு, ஒரு மூணு போடலாம்" என்றார். பத்து மிக மோசம், ஒன்று நிம்மதி என்பது எங்கள் கணக்கு. அந்த மூன்றைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைப்பானேன். புதன்கிழமை சாயங்காலமே, நாளைக்கு வியாழன் என்று நினைப்பு வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதுக்கு இது என்ன கூத்து என்று என்னை நானே வைதுகொள்வேன். காதலும் இல்லை கத்திரிக்காயும் இல்லை. நான் சொல்வதை ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்டு, அடுத்த வாரம் நினைவு வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார், அதுதான். "உங்க அண்ணன் போன வாரமாவது மிஷினை மாட்டினாரா?" என்று அவர் கேட்டபோதுதான், அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. நோயாளியிடம் சொந்தக் கதை பேசக் கூடாது. அதுவும் விதிதான்.

ஐந்தாவது வாரம் படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டும். பதினான்கு கேள்வி, வாசித்துக் கேட்டு எழுத மூன்றரை நிமிஷம் ஆகும். பத்து நிமிஷத்தில் மூன்றரை போனால் மிச்சம் என்ன. அன்று அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையே தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டானாம், அவனை எழுப்பித் திருப்பி அனுப்பிய கதை. இடையிடையே இருமினார், ஒரு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், குரல் இரண்டு இடத்தில் காற்றாகப் போய்த் திரும்பியது. நான் சிரித்துக்கொண்டே பழைய படிவத்தைப் பார்த்துப் புதியதில் டிக் அடித்துக்கொண்டு போனேன். எட்டு, ஆமாம். ஒன்பது, இல்லை. பத்து, சுமார். கேட்காமலே. எனக்குத் தெரிந்த ஆள்தானே என்று.

பத்தாவது வியாழக்கிழமை அவர் வீட்டில் இல்லை. செல்போனில் எடுத்தார். "பெரிய ஆஸ்பத்திரியில இருக்கேன் மேடம். யாருக்கோ வெச்சிருந்த தேதி காலியாச்சாம். நாளைக்குக் காலையில எனக்கு." ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது அறுவை சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி. பட்டியலைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். "லைன்லயே இருங்க சார், இதோ வந்துடறேன்" என்று அவரைக் காக்கவைத்துவிட்டு, அந்த வாரம் விடுப்பில் இருந்த டாக்டரம்மாவுக்கு இன்னொரு போனில் கூப்பிட்டேன். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"குரல்வளை எடுக்கப்போறவரா?" என்றார் டாக்டரம்மா. "அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தானே அக்கா ஒன்பதாவது கேள்வியே வெச்சேன். 'உண்டு'ன்னு டிக் இருந்தா பட்டியல்ல மேல கொண்டு வந்துடுவேனே. அஞ்சாவது வாரம் மறுபடி கேட்டீங்களா?"

"இல்ல டாக்டரம்மா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் இப்ப போன்ல பேசறேன்னு சொல்லுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

கண்டக்டர் லைனிலேயே இருந்தார். டாக்டரம்மா பேசுவதாகச் சொன்னேன். அவர் யோசித்தார். "போன்ல வேணாம் மேடம். அது போன்ல வந்த விஷயம். திரும்பவும் போன்லயே போகக் கூடாது."

"அப்ப நான் வரட்டுமா? ஆட்டோ பிடிச்சா ஒரு மணி நேரம். என்கிட்ட சொல்லுங்க. மச்சினனையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"இங்க ஆறு கட்டில் மேடம். பக்கத்துக் கட்டில்காரர் வேற வேலையில்லாம என் வாயையே பாத்துட்டிருக்கார். மச்சினன் வேற கையெழுத்துப் போட்டுட்டுக் கண்ணைத் துடைச்சிட்டுப் போறான். இன்னிக்கு அவன்கிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா? அதுவுமில்லாம..." இருமல் வந்து அடங்கியது. "பத்து வாரமா டாக்டரம்மாவுக்குன்னு மூடி வெச்சிட்டேன். இப்பத் திறன்னா வரமாட்டேங்குது. நல்லாப் பழக்கிட்டீங்க."

குத்திச் சொல்லவில்லை. உண்மையிலேயே பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்பதாவது கேள்வியைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். ஐந்தாவது வாரம் கேட்காமல் டிக் அடித்ததையும் சொன்னேன், ஏன் அடித்தேன் என்பதையும். மாப்பிள்ளை கதை கேட்கிற ஆசையில் ஒரு மனுஷனின் முறையைத் தவறவிட்டேன் என்று சொல்லும்போது என் குரல்தான் சிதறியது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "டிக் அடிச்சது நீங்க. டீசல் புகைன்னு சொன்னது நான். ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி" என்றார்.

பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. வைக்க மனசில்லை. "ஏதாவது சொல்லுங்க சார்" என்றேன். இந்த வேலைக்கு வந்தபிறகு நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வண்டி போகும் வழியைச் சொல்லத் தொடங்கினார். "ஷெட்டு. பால் பண்ணை. தண்ணீர்த் தொட்டி. ஸ்கூல் கேட், ஸ்கூல் கேட் இருக்கா, முன்னாடி வாங்க. கோர்ட்டு. மார்க்கெட் பின்பக்கம். ரயில்வே கேட். சோப்புக் கம்பெனி." ஒவ்வொரு பேருக்கும் ஒரு இழுப்பு, ஒரு வெட்டு. மார்க்கெட்டில் கூட்டம் ஏறியது, உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது, அவரும் நின்று மூச்சு வாங்கினார். இருபத்தேழு நிறுத்தம். எங்கள் அறையின் பாதி ஜன்னல் வழியாகக் கீழே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். கடைசியில், "எல்லாரும் இறங்குங்க. சீட்டுல எதையும் விட்டுடாதீங்க" என்றார். பிறகு இரண்டு தட்டு. அதோடு அவர் வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் டப்பாவில் இருந்தது. நான் வாயசைப்பதைப் பார்த்துவிட்டு உப்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

ஏழு வாரம் கழித்து அவர் வந்தார். அதற்கு முன் நான் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. நெட்டையாக, பெரிய மீசையோடு ஒருவரை மனசுக்குள் வைத்திருந்தேன். வந்தவர் குள்ளம், வழுக்கை, மீசை கிடையாது. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது, மூச்சு விடும்போதெல்லாம் அது லேசாக எழும்பி அடங்கியது. கையில் குழந்தைகள் எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் பலகை, அக்குளில் எங்கள் நோட்டு. பின்னால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மச்சினன் வந்தார், நாற்பது வயதுக்காரர், பாரம் தூக்கிப் பழகிய தோள். வாசலை அடைத்துக்கொண்டு நாலு பேர் நின்றிருந்தார்கள். கண்டக்டர் கையை விசிறி அவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். அவர்களும் ஏன் என்று கேட்காமல் தள்ளிப் போனார்கள். என் மேஜைக்கு வந்து பலகையில் எழுதிக் காட்டினார்: 'வியாழன், மேடம்.' வியாழக்கிழமைதான். நான் எழுந்து நின்றேன். நோட்டு கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன், கண் முன்னாலேயே இருக்கிற நோட்டை.

அவர் உள்ளே போய் அரை மணி நேரம் ஆனது. மச்சினன் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமா உங்களைப் பத்தி நிறைய சொல்லுவார்" என்றார் என்னிடம். "நாங்க போனா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருப்பார். வியாழக்கிழமை மட்டும் ஷேவ் பண்ணிட்டு இருப்பார். போனுக்கு எதுக்கு ஷேவ்னு கேப்பேன்." பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "எங்க அக்கா போன நேரத்துல மாமா பக்கத்துல இல்ல. ட்யூட்டியில இருந்தார். சேதி லேட்டாத்தான் போச்சு. அதை நெனச்சு நெனச்சே இப்படி ஆயிட்டார், பாவம்."

கதவு திறந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். பட்டியல்காரி அந்த அறைக்குள் போகக் கூடாது. டாக்டரம்மாவைப் பார்த்தேன். "இன்னிக்கு வாங்க அக்கா" என்றார். கண்டக்டர் பலகையை என் பக்கம் திருப்பினார். 'நீங்க படிங்க. சத்தமா.' அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'அவன்கிட்ட நோட்டைக் குடுத்தா பாதியில மூடிடுவான். காதால கேக்கணும்.'

மச்சினன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நோட்டைக் கொடுக்கும்போது கண்டக்டரின் கை என் கைமேல் ஒரு கணம் இருந்தது, சில்லென்று இருந்தது. முதல் பக்கங்கள் முழுக்க எண்கள். ஆறு, ஏழு, ஐந்து, மூன்று. அப்புறம் ஒரு வெள்ளைப் பக்கம். அதற்கு அடுத்ததில் தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. பத்து வாரமும் அந்தத் தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது மூன்று பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. படிவத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்கிற பழக்கம்தானே, அதேபோல் வாசிக்க ஆரம்பித்தேன்.

"நாலாவது டிரிப். மூணாவது டிரிப் முடிச்சிட்டு ஷெட்டுக்கு வந்தேன். ஆபீஸ் ரூம்ல போன் அடிச்சுது. வண்டி நேரம் எழுதுற டைம் கீப்பர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் எடுத்தேன். அந்தப் பக்கம் மச்சினன் அழுதுகிட்டிருந்தான். வெளியே வண்டிங்க சத்தம். அக்கா போயிட்டாங்கன்னு மாமாகிட்ட சொல்லுங்க சார்னு சொன்னான். என் குரல் அவனுக்குத் தெரியல. யார் பேசறதுன்னு கேட்டான்."

அடுத்த வரியைக் கண் வாசித்துவிட்டது, வாய் வாசிக்கவில்லை. மச்சினன் மடியிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைப்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்டக்டரின் கழுத்துத் துணி எழும்பி அடங்கி எழும்பும் சத்தம் மட்டும் இருந்தது. இதை மூடிவிடலாம், மூட எனக்குத் தெரியும்.

மேஜையின் மறுபக்கத்திலிருந்து மரத்தில் விரல் முட்டி பட்டது. ஒரு தட்டு. கையைப் பார்த்தேன். மறுபடி ஒரு தட்டு.

"டைம் கீப்பர் பேசறேன்னு சொன்னேன்" என்று வாசித்தேன். "கண்டக்டர் வந்ததும் சொல்லிடறேன்னு சொன்னேன். போனை வெச்சேன். பையை மாட்டிக்கிட்டு நாலாவது டிரிப்புக்கு வண்டியில ஏறினேன்."